பிரயாணச் சதுரங்கப் பெட்டிகளின் வரலாறும் பேணலும்

சதுரங்கம் தோன்றிய காலந்தொட்டே வழிநடைக்குப் பழகிய ஒரு விளையாட்டாகும். கி.பி. ஆறாம் நூற்றாண்டளவில் வட இந்தியாவில் நிலவிய அது, பாரசீகத்திற் 'சத்ரங்' எனவும் அராபியரிடையே 'ஷத்ரஞ்ச்' எனவும் பெயர் பூண்டு, வணிகரோடும் படைஞரோடும் அறிஞரோடும் மேற்றிசை நோக்கிச் சென்று, ஆயிரமாம் ஆண்டையடுத்து ஐரோப்பாவின் பல பாகங்களிலும் வேரூன்றியது. செல்லும் நாடுதோறும் அதன் பெயர் மாறிற்று. காய்களின் உருவமும் ஆட்ட விதிகளும் மாறின. அரண்மனைகளில் வைத்து ஆடப்பெற்ற தந்தக் காய்களையும், மணி பதித்த பலகைகளையும் பற்றி வரலாற்றாசிரியர் விரிவாக எழுதியுள்ளனர். ஆயின், வழிச்செல்வோர் தம் மூட்டையினுள்ளும் சட்டைப் பையினுள்ளும் வைத்துச் சென்ற எளிய பெட்டிகளைப் பற்றி எழுதினோர் சிலரே. அவ்வெளிய பொருளின் வரலாறு மனிதன் ஒரு சிறு சிக்கலுக்குப் பல நூற்றாண்டுகளாகத் தேடிய விடைகளின் வரலாறாகும்.

அச்சிக்கல் யாதெனின், அசையும் இடத்தில் அசையாத ஆட்டத்தை நடத்துவதெவ்வாறு என்பதே. சதுரங்கத்திற் காய்கள் நிற்கும் நிலையே ஆட்டத்தின் உயிர். ஒரு காலாள் ஒரு கட்டம் விலகி வீழ்ந்தாலும் இரண்டு மூன்று மணிநேரச் சிந்தனை பாழாகிவிடும். வீட்டு மேசையில் இவ்வச்சம் இல்லை. கடலலையில் உருளும் கப்பலிலும், குலுங்கிச் செல்லும் வண்டியிலும் இஃது எப்பொழுதும் உண்டு. ஆகவே பிரயாணச் சதுரங்கம் செய்யப் புகுந்தவனுக்கு இரண்டு கடமைகள் இருந்தன. பலகையையும் காய்களையும் சுருக்குதல் ஒன்று. காய்களை நின்ற இடத்திலேயே நிறுத்துதல் மற்றொன்று. முன்னையது எளிது, பின்னையதே அரிது.

சுருக்குதற்கு மிகப் பழைய வழி துணியே. இடைக்கால இஸ்லாமிய உலகிற் சதுரங்கம் பெரும்பாலும் துணி விரிப்பிலேயே ஆடப்பட்டது. கட்டங்கள் தீட்டப்பெற்ற அல்லது தைக்கப்பெற்ற அவ்விரிப்பை மடித்துக் காய்களோடு ஒரு பையிற் கட்டிக்கொண்டு எங்கும் செல்லலாம். இக்காலப் போட்டிகளிற் சுருட்டி எடுத்துச் செல்லப்படும் வினைல் விரிப்பு அப்பழைய துணியின் வழித்தோன்றல் என்றே கொள்ளத்தக்கது. எனினும், துணி விரிப்பு தங்குமிடத்துக்கே ஏற்றது. நகரும் ஊர்தியில் அது பயன்படாது.

வழியிடைத் தங்குமிடங்களிற் சதுரங்கம் ஆடப்பட்டமைக்கு ஐரோப்பாவிலே பதினோராம் நூற்றாண்டுச் சான்றொன்று உண்டு. பீற்றர் தமியான் என்னும் கர்தினால் 1061 ஆம் ஆண்டையொட்டி எழுதிய கடிதமொன்றில், தம்மோடு பிரயாணஞ் செய்த புளோரன்ஸ் நகர மேற்றிராணியார், இரவில் தங்கிய மனையிற் பலரோடு அமர்ந்து சதுரங்கம் ஆடியதை மறுநாட் காலையிற் கேள்வியுற்று அவரைக் கடிந்துகொண்ட செய்தி கூறப்படுகின்றது. திருச்சபை விலக்கியது சூதாட்டத்தையே யன்றிச் சதுரங்கத்தையன்று என மேற்றிராணியார் வாதித்தார். தமியான் அதனை ஏற்கவில்லை. சங்கீதங்கள் முழுவதையும் மும்முறை ஓதுதல், ஏழைகள் பன்னிருவரின் பாதங்களைக் கழுவிப் பொருளளித்தல் என்பன அவருக்குக் கழுவாயாக விதிக்கப்பட்டன. நெடுவழி சென்ற களைப்பைப் போக்கச் சதுரங்கத்தை நாடும் வழக்கம் எத்துணைப் பழையது என்பதை இக்கண்டனமே காட்டுகின்றது.

காயை நிறுத்தும் வழிக்குரிய பழஞ்சான்று வேறோர் ஆட்டத்திலிருந்து கிடைக்கின்றது. 1932 ஆம் ஆண்டில் அயர்லாந்திலுள்ள பலிண்டெரி என்னுமிடத்தில், நீர் சூழ அமைந்த பழைய குடியிருப்பொன்றை அகழ்ந்தபோது மரத்தாலான ஆட்டப்பலகை யொன்று வெளிப்பட்டது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் அதில், வரிசைக்கு ஏழாக நாற்பத்தொன்பது துளைகள் உள்ளன. அது சதுரங்கப் பலகையன்று. வட ஐரோப்பியரின் பிறிதோர் ஆட்டத்துக்குரியது. ஆயினும், காயின் அடியில் முளை வைத்துப் பலகையில் துளையிட்டு அதனை நிறுத்தலாம் என்னும் எண்ணம் அக்காலத்திலேயே கைவந்திருந்தமை இதனாற் புலனாகும்.

இவ்வெண்ணம் வணிகப் பொருளாகப் பெருகியது பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயாகும். 1830 ஆம் ஆண்டில் லிவர்ப்பூலுக்கும் மான்செஸ்ரருக்கும் இடையே புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டது. நீராவிக் கப்பல்கள் பெருகின. உத்தியோகத்தரும் படைஞரும் வணிகரும் வாரக்கணக்காகக் கடலிற் செல்வது வழக்கமாயிற்று. நேரமோ மிகுதி, இருப்பிடமோ ஒடுக்கம். இந்நிலையிற் சதுரங்கத்தின் புறவடிவும் ஒழுங்குபட்டது. 1849 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1 ஆந் திகதி நதானியேல் குக் என்பவர் ஒரு காய் வடிவத்தைப் பதிவு செய்தார். இலண்டன் ஜேக்ஸ் நிறுவனத்தார் அதனைச் செய்து அவ்வாண்டு செப்ரெம்பர் மாதம் விற்பனைக்கு விட்டனர். அக்காலத்தில் ஆட்டத்திற் பெரும்புகழ் பெற்றிருந்த ஹோவர்ட் ஸ்ரோன்ரனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. எந்நாட்டாரும் பார்த்தவுடன் இஃது அரசன், இஃது இராணி என அறியும் பொதுவடிவம் கிடைத்தமையால், அயல்நாட்டார் இருவர் கப்பலிற் சந்திக்கினும் மயக்கமின்றி ஆடல் எளிதாயிற்று.

அக்காலப் பிரயாணப் பெட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவது மகோகனி மரத்தாலான மடிப்புப் பெட்டியாகும். பித்தளைப் பிணைச்சலால் இணைந்த இரு பாதிகளையும் விரித்தால் அறுபத்து நான்கு துளைகளையுடைய பலகை தோன்றும். எலும்பிற் கடைந்த சிறு காய்கள் முளைகளோடு அத்துளைகளிற் பொருந்தும். ஒரு பக்கத்துக் காய்கள் வெண்மையாக விடப்பட்டு, மறுபக்கத்துக் காய்களுக்குச் செந்நிறமூட்டப்படும். வெட்டுண்ட காய்களை நிறுத்துதற்குப் பலகையின் ஓரத்திலும் துளை வரிசைகள் அமைவதுண்டு. ஆயினும் பெட்டியை மூடவேண்டின் காய்களை எடுத்துவிட வேண்டியிருந்தது. இக்குறையையும் நீக்க எண்ணிய ஜேக்ஸ் நிறுவனத்தார், காய்களை உள்ளிருந்தே பற்றிக்கொள்ளும் பொறியமைந்த மடிப்புப் பலகையொன்றைச் செய்தனர். ஆட்டம் பாதியில் நின்றாலும் காய்களை நின்றபடியே பூட்டிப் பலகையை மடித்து வைக்கலாம். 'இன் ஸ்ரற்ரூ குவோ', அதாவது 'இருந்த நிலையிலேயே', என்னும் இலத்தீன் தொடர் அதற்குப் பெயராயிற்று. பிரயாணச் சதுரங்கத்தின் நோக்கம் முழுவதும் அப்பெயரில் அடங்கியுள்ளது எனலாம்.

இதற்குச் சற்று முன்னர், 1840 ஆம் ஆண்டுகளிற் பிறிதோர் அறிஞர் வேறு வழி கண்டார். 1852 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கிலச் சொற்றொகுதியாற் பெயர் பெற்ற மருத்துவர் பீற்றர் மார்க் ரோஜெற் அவர். கடைந்த காய்களுக்குப் பதிலாகத் தட்டையான சிறு துண்டுகளைப் பலகையிலுள்ள கீற்றுகளிற் செருகும் பைச்சதுரங்கம் ஒன்றை அவர் வகுத்தார். ஒரு கடிதவுறையளவு இடத்தில் முழு ஆட்டமும் அடங்கியது. 1870 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹையாற் சகோதரர் செலுலோயிட் என்னும் செயற்கைப் பொருளுக்கு உரிமை பெற்றபின், அத்தட்டைத் துண்டுகள் மலிந்தன. தோலுறையும் செலுலோயிட் காயுமாக அமைந்த பைச்சதுரங்கம் எளியோர் கையிலும் புழங்கியது.

பலகையின் அருமை அஃதில்லாத இடத்திலேயே நன்கு புலப்படும். 1914 ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜேர்மனியின் மன்ஹைம் நகரிற் சர்வதேசப் போட்டியொன்று தொடங்கிற்று. முதலாம் உலகப்போர் மூண்டமையால் அது இடையில் நின்றது. உருசிய ஆட்டக்காரர் சிறைப்படுத்தப்பட்டனர். பின்னாளில் உலக வெற்றிவீரராகிய அலேகினும், அவரோடு சிறைப்பட்ட பொகொல்யூபோவும் பலகையும் காயுமின்றி வாய்மொழியாலேயே ஆடிப் பொழுது போக்கினர். அவர்க்கு மனமே பலகையாயிற்று; ஏனையோர்க்கு அஃது இயல்வதன்று.

இருபதாம் நூற்றாண்டில் இம்முயற்சிக்கு மேலும் இரு விடைகள் கிடைத்தன. பிரான்சின் சார்பிற் சதுரங்க ஒலிம்பியாட் போட்டிகளில் ஆடிய ஓவியர் மார்சல் டூஷாம், 1943 ஆம் ஆண்டிற் செலுலோயிட் காய்களைச் சிறு ஊசிகள் பற்றிக்கொள்ளும் தோற்பை யொன்றை ஆக்கினார். காந்தக் காய்களும் உலோகத் தகடும் இணைந்த பெட்டிகளோ உலகெங்கும் பரவின. ஆயினும் 1970 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9 ஆந் திகதி, சோயுஸ் 9 விண்கலத்திலிருந்த நிக்கொலாயெவும் செவஸ்தியானொவும் தரையிலுள்ளாரோடு ஆடியபோது, காந்தத்தை அவர்கள் பயன்படுத்தவில்லை. அது கலத்தின் கருவிகளைப் பாதிக்கக்கூடும் என்பதே காரணம். காய்கள் பலகையின் பள்ளங்களிற் பொருந்தி வழுக்கிச் செல்லுமாறு அமைந்த தனிப்பலகை அவர்க்கெனச் செய்யப்பட்டது. ஆட்டம் சமநிலையில் முடிந்தது. நிறையே அற்ற வெளியிலும் காயை நிறுத்திவைத்தது, பழைய தச்சனின் துளைக்கும் பள்ளத்துக்கும் உறவான ஓர் உபாயமே.

இத்தகைய பழம்பெட்டிகளைத் தேடிச் சேர்ப்போர் இன்று பல நாடுகளிலும் உளர். சேர்ப்போன் முதலில் அறியவேண்டுவது பொருளின் தன்மை. எலும்பிலே கருநிறச் சிறு புள்ளிகளும் கீற்றுகளும் தென்படும். அவை முன்பு இரத்தக் குழல்கள் ஓடிய தடங்கள். யானைத் தந்தத்தின் குறுக்கு வெட்டு முகத்தில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நுண்வரைகள் காணப்படும். இவ்வேறுபாடு முன்பு விலையைப் பற்றியதாக மட்டும் இருந்தது. இன்று சட்டத்தையும் பற்றியதாகும். 1975 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்திற்று. பிரித்தானியாவில் 2018 ஆம் ஆண்டு நிறைவேறிய தந்தச் சட்டம் 2022 ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி 1947 ஆம் ஆண்டுக்கு முற்பட்டதாயும், தந்தம் மொத்தக் கன அளவிற் பத்திலொரு பங்கிற்குக் குறைந்ததாயும் உள்ள பொருள் போன்ற சில விலக்குகளை யன்றி, ஏனைய தந்தப் பொருள்களின் விற்பனை அங்கு தடைசெய்யப்பட்டுள்ளது. ஒரு சிறு காயிற்காக ஒரு பேருயிர் மாய்ந்தது என்பதை மறந்து பழமையைப் போற்றுதல் பொருந்தாது.

அடுத்தது பழுது நீக்கல். இங்கே தவறு நேர்தல் எளிது. நேர்ந்த தவற்றைத் திருத்தல் அரிது. எலும்புக் காயை நீரில் ஊறவைத்தால் அது வெடிக்கவுங் கூடும், செந்நிறம் கரையவுங் கூடும். மென்துணியால் துடைப்பதே போதியது. வெயில் படுமிடத்தில் வைத்தால் நிறம் வெளிறும். பிளந்த மரத்தை ஒட்டுதற்குத் தச்சர் பழமையாக வழங்கும் வச்சிரப்பசை சிறந்தது. வெம்மையும் ஈரமும் பட்டால் அது மீண்டும் இளகுமாதலின், பின்வருவோன் திருத்த இடமுண்டு. இக்காலத்து வன்பசைகள் அவ்விடத்தைத் தருவதில்லை. பழைய செலுலோயிட் சிதையும்போது அமில ஆவியை வெளிவிட்டு அருகிலுள்ள பித்தளையை அரிக்கும். எளிதில் தீப்பற்றவுஞ் செய்யும். ஆதலின் அதனைக் காற்றுப்புகாப் பெட்டியில் அடைத்துவைத்தல் ஆகாது. காணாமற்போன காயொன்றுக்குப் பதிலாகப் புதியது கடைவது தவறன்று. அதன் அடியில் ஆண்டு பொறித்தல் வேண்டும். அவ்வாறு செய்யாதவன் பின்வருவோரை ஏமாற்றியவனாவான்.

இவ்விடத்தே சேர்ப்போரிடை நெடுநாளாக இரு கொள்கைகள் நிலவுகின்றன. பழம்பெட்டியைக் கண்ணாடிக்குள் வைத்துத் தொடாது காத்தலே முறையென்பர் ஒரு சாரார். அதனைப் புதியதுபோல மெருகிட்டுத் துளைகளை அடைத்து மீண்டும் இட்டு ஆடுதலே முறையென்பர் மறு சாரார். முன்னையோர் பொருளைக் காத்துப் பயனை இழக்கின்றனர். பின்னையோர் பயனை மீட்டுச் சான்றை அழிக்கின்றனர். ஒரு பலகையின் நடுக்கட்டத் துளைகள் ஓரத்துத் துளைகளினும் அகன்று தேய்ந்திருப்பின், அங்கே காய்கள் அடிக்கடி இறங்கின என்பது விளங்கும். அரசனின் தலை மழுங்கியிருப்பின், பல விரல்கள் அதனைப் பற்றின என்பது விளங்கும். இவற்றை எழுதிவைத்த ஏடு வேறில்லை. பெயரறியாத அப்பிரயாணிகள் விட்டுச் சென்ற ஒரேயொரு கையொப்பம் அத்தேய்வே. அதனை அரத்தால் உரைத்து அகற்றுவோன் பழுது நீக்குவோன் அல்லன்; ஓர் ஏட்டை எரிப்போனை ஒப்பான்.

ஆயினும் ஆடாத பெட்டியும் பாதி ஊமையே. விரலிரண்டாற் பற்றி ஆடிப் பார்த்தாலன்றி, காயின் இடை ஏன் அவ்வளவு ஒடுங்கிற்று, முளை ஏன் அவ்வளவு நீண்டது, கப்பலறையின் மங்கிய விளக்கிற் கருமையை விடச் செம்மை எவ்வாறு உதவிற்று என்பவற்றை உணர்தல் அரிது. ஆகவே, முறிவைத் தடுக்கும் அளவுக்குப் பழுது நீக்கி, தேய்வை அப்படியே விட்டு, உறுதியான பெட்டிகளிற் காலத்துக்குக் காலம் கவனத்தோடு ஆடி, நொய்ந்தவற்றை மட்டும் ஓய்வில் வைத்தல் நடுவுநிலையான வழியாகும். கைத்தொலைபேசியில் இன்று எவரும் எங்கிருந்தும் சதுரங்கம் ஆடலாம். அதிற் காய் சரிவதுமில்லை, ஆட்டம் கலைவதுமில்லை. அச்சிக்கல் முற்றத் தீர்ந்துவிட்டமையால், அதனைத் தீர்க்க மரத்தோடும் எலும்போடும் பித்தளையோடும் முயன்ற கைகளின் அறிவு மறக்கப்படும் காலம் இது. அவ்வறிவைத் தாங்கிநிற்கும் சிறு பெட்டிகளை இருந்த நிலையிலேயே பின்வருவோர்க்கு ஒப்படைத்தல், அவற்றைத் தம் கையில் வைத்திருப்போர் செய்யத்தக்க கடனாகும்.