பங்கு விலைப் பதிவுகள்: அவற்றின் சரித்திரமும் வாசிக்கும் முறையும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், சேயாற்றங்கரையில், திருஞானசம்பந்தர் பாடிய தலங்களுள் ஒன்றான மாகறல் இருக்கிறது. அந்தத் தொண்டைநாட்டுப் பகுதியின் கோயிற் சுவர்களைப் படித்துப் பழகியவர்கள், சோழர் காலத்துச் சாசனம் எழுதியவன் பொன்னின் எடையையோ நெல்லின் அளவையோ குறிக்கும்போது, அது எந்தக் கல்லால் நிறுக்கப்பட்டது, எந்த மரக்காலால் அளக்கப்பட்டது என்பதைக் கூடவே குறிப்பதில் எவ்வளவு கவனமாயிருந்தான் என்பதை அறிவர். தஞ்சைப் பெரிய கோயிலில் பொன்னுக்கு ‘ஆடவல்லான்’ என்ற கல்லும், ரத்தினம் பதித்த நகைகளுக்கு ‘தக்ஷிணமேருவிடங்கன்’ என்ற கல்லும் தனித்தனியே பெயர் சொல்லிப் பதிவாகியிருக்கின்றன. அளவுகோலைச் சொல்லாத எண் வருங்காலத்தானுக்குப் பயன்படாது என்பதை அக்காலத்துக் கணக்கர் உணர்ந்திருந்தனர். நம் தேசத்துப் பங்குச் சந்தைகளில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நாள்தோறும் குறிக்கப்பட்டுவரும் விலைகளுக்கோ அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. ஒரு கம்பெனியின் பழைய விலையைப் புரிந்துகொள்வது என்பது, அந்த எண்ணுக்கு அடியில் மறைந்துபோன மரக்காலைத் தேடி எடுப்பதே என்பது இக்கட்டுரையின் துணிபு.

இச்சரித்திரம் பம்பாயில் தொடங்குகிறது. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு, லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி செல்வது தடைப்பட்டபோது, இந்தியப் பருத்திக்கு எதிர்பாராத கிராக்கி உண்டாகி, பம்பாயில் குவிந்த பணமெல்லாம் புதிது புதிதாகத் தோன்றிய கம்பெனிகளின் பங்குகளில் பாய்ந்தது. 1865-ல் போர் ஓய்ந்ததும் அந்தப் பங்கு மாளிகை சரிந்தது. 2,850 ரூபாய் வரை விலைபோன பாங்க் ஆப் பம்பாயின் பங்கு 87 ரூபாய்க்கு இறங்கியது. 1868-ல் அந்த பாங்கே கலைக்கப்பட்டது. இதில் நாம் கவனிக்கத்தக்கது, இடையில் பங்கின் அளவு மாறவில்லை என்பதாகும். ஆகவே 2,850-க்கும் 87-க்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் மெய்யான நஷ்டம். இந்த உதாரணத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ இதே விகிதத்தில் இறங்கியும் ஒரு காசுகூட நஷ்டமில்லாத வேறொரு விலையைப் பின்னர்க் காணப்போகிறோம்.

பம்பாய்ப் புரோக்கர்கள் 1875-ல் சங்கம் அமைத்தனர். சென்னையில் 1920-ல் ஒரு பங்குச் சந்தை தோன்றி, மூன்றாண்டுகளில் மறைந்து, 1937-ல் மீண்டும் உயிர்பெற்றது. செகண்ட் லைன் பீச் வீதிக் கட்டடத்தில் வாய்விட்டுக் கூவிப் பேரம் முடித்த அக்காலத்து விலைகள் அன்றாட ஜாபிதாக்களிலும் பத்திரிகைகளின் வர்த்தகப் பக்கத்திலும் இடம்பெற்றன. ஒரே கம்பெனிக்குச் சென்னையில் ஒரு விலையும் பம்பாயில் ஒரு விலையும் இருந்ததுண்டு. எனவே பழைய விலை ஒன்றைக் கண்டால், எந்தச் சந்தையின் விலை என்று முதலில் கேட்க வேண்டும். மேலும் 1947-ஆம் ஆண்டின் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1992-ல் நீங்கும் வரையில், புதிய பங்கை என்ன விலைக்கு வெளியிடலாம் என்பதற்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டியிருந்தது. அவ்விலை பெரும்பாலும் சந்தை தரத் தயாராயிருந்ததைவிடக் குறைவாகவே அமைந்தது. அக்காலத்து வெளியீட்டு விலையை ஆரம்பமாகக் கொண்டு ‘இத்தனை மடங்கு வளர்ச்சி’ என்று விளம்பரம் செய்வது, என் அபிப்பிராயத்தில், சலுகை விலையையும் சந்தை விலையையும் ஒன்றாகப் பாவிக்கும் பிழையாகும்.

1978-79-ஐ நூறு எனக் கொண்டு சென்செக்ஸ் குறியீடு 1986-ல் வெளியிடப்பட்டது; 1994-ல் தேசியப் பங்குச் சந்தை கணினித் திரையில் பங்கு வியாபாரத்தைத் தொடங்கியது; 1996-ல் பங்குகளைக் காகிதமின்றிக் கணக்கில் வைக்கும் டீமேட் முறை வந்தது. இவற்றால் விலைப்பதிவு ஒழுங்குபட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் குழப்பத்துக்கு வாயில் திறந்ததும் அதே தசாப்தம்தான். அதுவரை பெரும்பாலும் பத்து ரூபாய் அல்லது நூறு ரூபாய் என்று பங்கின்மீதே குறிக்கப்பட்டு நிலைத்திருந்த முகமதிப்பை, கம்பெனிகள் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ள 1999-ல் செபி என்னும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம் அனுமதித்தது. அன்று முதல் பங்கு என்பது நிலையான அளவையாக இருக்கவில்லை.

டாடா குழுமமும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கி, ஓசூரில் கடிகாரம் செய்யத் தலைப்பட்ட டைட்டன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 2011 ஜூனில் அது ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு வழங்கியதோடு, பத்து ரூபாய் முகமதிப்பை ஒரு ரூபாயாகவும் பிரித்தது. ஒரு பங்கு வைத்திருந்தவர் கையில் இருபது பங்குகள் வந்தன; நாலாயிரம் ரூபாய்க்கு மேல் விற்ற பங்கு இருநூறு ரூபாய்ச் சொச்சத்துக்கு வந்தது. திருத்தாத பதிவைப் பார்க்கும் புதியவர் இதைப் பாங்க் ஆப் பம்பாயின் சரிவோடு ஒப்பிட்டுத் திகைக்கக்கூடும். உண்மையில் எவருக்கும் ஒரு காசும் நஷ்டமில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்களைச் செய்யும் ஐஷர் மோட்டார்ஸின் பங்கு 2020 ஆகஸ்டில் பத்தாகப் பிரிக்கப்பட்டு, இருபதாயிரத்துக்கு மேலிருந்த விலை இரண்டாயிரத்துச் சொச்சமானதும் இத்தகையதே. இதற்கு நேர் எதிரானது சென்னையின் எம்.ஆர்.எஃப். 1975-க்குப் பிறகு போனஸும் தராமல், பத்து ரூபாய் முகமதிப்பையும் பிரிக்காமல் இருந்ததனாலேயே அதன் விலை 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அதை ‘விலை உயர்ந்த பங்கு’ என்று வியப்பவர்கள், பெரிய மரக்காலைக் கண்டு நெல்லின் தரத்தைப் புகழ்கிறார்கள்.

இக்குழப்பத்தைத் தீர்க்கவே, பிரிப்புக்கும் போனஸுக்கும் முந்திய விலைகளை எல்லாம் உரிய எண்ணால் வகுத்துத் தரும் ‘திருத்திய விலை’ வழக்கத்திற்கு வந்தது. வளர்ச்சியை அளக்க இதைவிடச் சிறந்த கருவி இல்லை. ஆயினும் அது ஒரு கற்பிதமே. திருத்திய பட்டியலில் பழைய டைட்டனுக்குக் காணப்படும் சில ரூபாய் விலையில் அந்நாளில் எவரும் வாங்கியதுமில்லை, விற்றதுமில்லை. தவிர, சில பட்டியல்கள் லாப ஈவையும் கழித்துத் திருத்துகின்றன, சில அதைத் தொடுவதில்லை. ஆண்டுதோறும் கைக்கு வந்த ஈவை விட்டுவிட்டு விலையை மட்டும் பார்ப்பது, தோப்பின் கிரய மதிப்பைக் கணக்கிட்டு, காய்த்த காயை மறந்துவிடுவதற்கு ஒப்பாகும். 2018 பிப்ரவரி முதல் பரஸ்பர நிதிகள் தம் சாதனையை ஈவையும் உள்ளடக்கிய குறியீட்டோடுதான் ஒப்பிட வேண்டும் என்று செபி விதித்தது இக்காரணம் பற்றியே.

பழைய விலை ஆராய்ச்சியாளருக்கு மட்டும் உரிய விஷயமன்று. வருமானவரிச் சட்டமே அதைக் குடும்பங்களின் கணக்குக்குள் கொண்டுவந்துவிட்டது. நீண்டகாலப் பங்கு லாபத்துக்கு 2018-ல் மீண்டும் வரி விதிக்கப்பட்டபோது, அதுவரை சேர்ந்த லாபத்தைக் காக்கும் பொருட்டு, அவ்வாண்டு ஜனவரி 31-ஆம் தேதி சந்தையில் பதிவான உச்ச விலை ஓர் அளவுகோலாக வைக்கப்பட்டது. அந்த விலைக்கும் விற்ற விலைக்கும் எது குறைவோ, அதற்கும் வாங்கிய விலைக்கும் எது அதிகமோ, அதுவே அடக்க விலை. இங்கேதான் திருத்திய பட்டியல் ஏமாற்றுகிறது. ஐஷர் போலப் பிற்பாடு பிரிக்கப்பட்ட பங்கானால், அந்நாளைய உச்ச விலையைப் பத்தால் வகுப்பது முறையே. ஆனால் எண்ணூரின் அசோக் லேலண்ட் 2025 ஜூலையில் ஒன்றுக்கு ஒன்று வழங்கியது போனஸ். 2018-க்கு முன் நூறு பங்கு வாங்கியவருக்கு இன்று இருநூறு இருந்தாலும், பழைய நூறுக்கு அந்நாளைய முழு உச்ச விலையும் உண்டு, போனஸாக வந்த நூறுக்கு அடக்கம் பூஜ்யம். திருத்திய பட்டியலோ இரண்டுக்கும் பாதி விலையைக் காட்டும். அதை நம்பிப் பழைய நூறை மட்டும் விற்பவர், கட்டவேண்டாத வரியைக் கட்ட நேரும். எனவே வளர்ச்சியை அறியத் திருத்திய விலை, வரிக்குத் திருத்தாத விலை, இரண்டுக்கும் இடையே போனஸ், பிரிப்புத் தேதிகளின் ஜாபிதா என்று மூன்றையும் கையில் வைத்துக்கொள்வதே உத்தமம்.

குறியீடுகளை வாசிப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 1992 ஏப்ரல் 28 அன்று சென்செக்ஸ் இறங்கியது 570 புள்ளி. 2020 மார்ச் 23 அன்று இறங்கியது 3,934 புள்ளி. விகிதத்தில் முன்னது 12.77 சதவீதம், பின்னது 13.15 சதவீதம், ஏறக்குறைய சமம்.

இனி, பதிவு சொல்லாதவை. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் உற்பத்தி செய்யும் ஹூண்டாயின் இந்தியக் கம்பெனி 2024 அக்டோபரில்தான், 1,960 ரூபாய் வெளியீட்டு விலையில், சந்தைக்கு வந்தது; கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட அதன் தொழில் சரித்திரத்திற்கு விலைச் சரித்திரம் இல்லை. காஞ்சிப் பட்டு நெய்யும் கூட்டுறவுச் சங்கங்களுக்கோ, பட்டுக்கடைக் குடும்பங்களில் மிகப் பலவற்றிற்கோ அது எக்காலத்திலும் இல்லை. பட்டுப்புடவை விற்கும் கம்பெனியான சாய் சில்க்ஸ் (கலாமந்திர்) பட்டியலிடப்பட்டதே 2023 செப்டம்பரில். அத்துணைக் குறுகிய பதிவிலிருந்து நெசவுத் தொழிலின் போக்கை அனுமானிப்பது சாகசம். கணக்கு மோசடி வெளிப்பட்ட 2009 ஜனவரி 7-க்கு முந்திய சத்யம் கம்ப்யூட்டரின் விலைகளோ, பொய்க் கணக்கை நம்பி மெய்யாக நடந்த பேரங்களின் பதிவு. அன்றியும், மூடிய கம்பெனிகள் நடப்புப் பட்டியலிலிருந்து மறைந்துவிடுவதால், எஞ்சி நிற்பவற்றை மட்டும் பார்ப்பவருக்குப் பங்குத் தொழில் முழுவதும் வெற்றிக் கதையாகவே தோன்றும்.

சென்னைப் பங்குச் சந்தையே 2015-ல் செபியின் உத்தரவுப்படி விடைபெற்றுவிட்டது. இன்று கணினியில் எளிதாகக் கிடைக்கும் விலைகள் பெரும்பாலும் 1990-களுக்குப் பிற்பட்டவை. அதற்கு முந்திய சென்னை விலைகளைத் தேடுபவர் பழைய பத்திரிகைகளின் வர்த்தகப் பக்கத்தையே நாட வேண்டியிருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ் அச்சின் செல்வத்தைப் பேணி வருவது போல, நம் பல்கலைக்கழகங்களின் வணிகவியல் துறையினரும் முன்வந்து, 1937 முதல் வெளிவந்த சென்னைச் சந்தை ஜாபிதாக்களில் எஞ்சியவற்றைத் திரட்டி, ஒவ்வொரு விலையோடும் அன்றைய முகமதிப்பையும், போனஸ், ஈவு விவரங்களையும் சேர்த்து எண்முறையில் பதிப்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.