நிறுத்தி நிறுத்திக் கேட்ட பாடம்



மலருக்குக் கட்டுரை கேட்டதும் விடுதிச் சாம்பாரைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். அதை எப்படியும் நாலு பேர் எழுதிவிடுவார்கள். நான் பாடம் கேட்ட கதையைச் சொல்கிறேன்.

1983-இல் நான் இயற்பியல் சேர்ந்தபோது, பென்னாகரம், அரூர் பக்கமிருந்து வந்தவர்களில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரி. நூலகத்தில் பாடநூல் இரண்டு பிரதிதான். சார் சொல்லச் சொல்ல எழுதுவோம். அவரைக் குறை சொல்லமாட்டேன். அச்சு வராத காலத்து ஐரோப்பாவிலும் ஆசிரியர் ஏட்டை வாசிக்க, மாணவர் எழுதிக்கொண்டார்கள். ‘லெக்சர்’ என்ற சொல்லின் லத்தீன் வேருக்கே வாசித்தல் என்றுதான் பொருள்.

1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழு, இன்சாட்-1பி வழியாகத் தூர்தர்ஷனில் கல்லூரிப் பாடங்களை ஒளிபரப்பியது. மாமா வீட்டில் சில தடவை பார்த்திருக்கிறேன். படத்தில் புள்ளி புள்ளியாகக் கொட்டும், பாடமோ ஆங்கிலம். புரியாத இடத்தில் நிறுத்த முடியாது. போனது போனதுதான்!

2003-இல் ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. பாடங்கள் பிறகு யூடியூபிலும் இலவசமாக வந்தன. அதற்குள் நானே வாத்தியார், அதே பழைய நோட்டோடு!

2011-இல் பென்னாகரத்துப் பையன் ஒருவன் சொன்னான்: “பிரௌசிங் சென்டர்ல ஐஐடி சார் பாடத்த நிறுத்தி நிறுத்தி நாலு வாட்டி கேட்டேன் சார். உங்கள நிறுத்த முடியாதே!” வகுப்பே சிரித்தது, நானும்தான். இரவு தூக்கம் வரவில்லை.

பாடம் சொல்ல வீடியோ இருக்கிறதென்றால் எனக்கு வகுப்பில் என்ன வேலை? ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1991-இலேயே வேறு வழிக்கு மாறியிருந்தார். கேள்வி கேட்பார், ஒவ்வொருவரும் விடை சொன்னபின், பக்கத்திலிருப்பவரோடு வாதாடவிட்டு மறுபடி கேட்பார்.

நானும் கேட்டேன். சீரான வேகத்தில் மேலே போகும் லிஃப்ட்டில், கம்பியின் இழுவிசை லிஃப்ட்டின் எடையைவிட அதிகமா, சமமா? முக்கால்வாசிப் பேர் ‘அதிகம்’ என்று கை தூக்கினார்கள். நியூட்டன் விதியை அவர்களுக்கு டிக்டேட் செய்தவன் நான்தான்.

“பக்கத்துல பேசுங்கப்பா” என்றேன். ஒரே சந்தைக்கடைச் சத்தம். மூன்று வருஷமாக வாய் திறக்காத கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, “வேகம்தான் மாறலயே, அப்பறம் எதுக்குடி எக்ஸ்ட்ரா விசை?” என்று பெஞ்சு முழுவதையும் மடக்கிக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை பெரும்பாலான கைகள் ‘சமம்’ என்றன.

மணி அடித்துவிட்டது. பஸ்ஸைப் பிடிக்கப் பையைத் தூக்கிய பென்னாகரத்துப் பையன் வாசலில் நின்று கேட்டான்:

“அப்ப லிஃப்ட்டு கெளம்பற நேரத்துல சார்?”