பெட்டியின் கனம் யாருடையது?

மலிவு விமானம் வந்தபிறகுதான் நம்மவர்களின் பயண மூட்டை சிறுத்துப்போனது, மூட்டை சிறுத்ததோடு ஊர் உறவும் சிறுத்துப்போனது என்று ஒரு பேச்சு மலாக்கா மாநிலத் தோட்டப் பகுதிகளில் அடிக்கடி அடிபடுகிறது. ஜாசின், மெர்லிமாவ், ஆசகான் பக்கம் கல்யாண வீடுகளில் மூத்தவர்கள் பேச்செடுத்தால் கப்பல் காலத்து டிரங்குப் பெட்டி வந்துவிடும். கூடவே இன்றைய பிள்ளைகள் முதுகில் மாட்டிக்கொண்டு போகும் பையைப் பற்றி ஒரு குத்தலும் வரும். இதில் பாதிதான் உண்மை. பயணியின் சொந்தத் தேவை அவர் பெட்டியின் கனத்தை என்றைக்குமே தீர்மானித்ததில்லை. அக்கரையில் காத்திருப்பவர்கள்தான் தீர்மானித்தார்கள். விமான நிறுவனம் அந்தக் கனத்துக்குக் கிலோ கணக்கில் விலை போட்டது, அவ்வளவே.

முதலில் வந்தவர்களிடம் பெட்டியே கிடையாது. 1896இல் டான் சாய் யான் மலாக்காவில் ரப்பர் நட்டு, பிறகு புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டமாக விரித்தபோது, ஆள் திரட்டும் வேலை கங்காணிகள் கைக்குப் போனது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டபின் கப்பல் செலவு அதிலிருந்து வந்தது. நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ முகாமில் தங்கி, கப்பலேறி, இக்கரையில் நோய்த்தடுப்புக் காவலையும் கடந்து லயத்துக்கு வந்து சேர்ந்தவர் கையில் இருந்தது ஒரு துணி மூட்டை. 1930 முதல் 1933 வரை ரப்பர் விலை சரிந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டார்களே, வேலை பறிபோன அவர்களும் பெட்டி நிறையப் பொருளோடு போயிருக்க முடியாது. மூட்டை சிறுத்தால் உறவு சிறுத்தது என்று அளப்பவர்கள் இந்தத் தலைமுறையை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

டிரங்குப் பெட்டியின் காலம் அதற்குப் பிறகு, நிலையான சம்பளமும் நீண்ட பிரிவும் சேர்ந்தபோது பிறந்தது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா, பின்னர் வந்த ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ், எழுபதுகளில் ஓடத் தொடங்கிய சிதம்பரம் ஆகிய கப்பல்கள் சென்னைக்கும் பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூருக்கும் இடையே ஆயிரக்கணக்கானோரைச் சுமந்தன. ரஜூலாவின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து ஒரு வாரம்போலப் பயணம். ஜாசின்காரர் அதற்கு முன் தம்பினுக்குப் போய் ரயில் பிடிக்க வேண்டும். மலாக்கா நகரிலிருந்து தம்பினுக்கு ஓடிய கிளைப் பாதையை ஜப்பானியர் பெயர்த்தெடுத்துச் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோனபின் அதுவும் சாலை வழிதான். இத்தனை ஏறி இறங்கும் பயணத்துக்கு யாராவது விரும்பிக் கனமான பெட்டியைத் தேர்ந்தெடுப்பார்களா? ஆனாலும் தகரப் பெட்டியின் மூடியில் பெயரும் ஊரும் பெயின்டில் எழுதி, பூட்டுப் போட்டு, அதன்மேல் கயிறும் கட்டிக்கொண்டு போனார்கள். உள்ளே அக்காளுக்கு நைலான் சேலை, மச்சானுக்கு டார்ச் லைட், கேட்பவர்க்கெல்லாம் கோடாலித் தைலம், வாசனை சோப்பு. தனக்கென்று இரண்டு வேட்டி இருந்தால் அதிகம். பத்து வருஷத்துக்கு ஒருமுறை போகிறவன் வெறுங்கையோடு போக முடியாது. பால்மரக் காட்டில் நன்றாகத்தான் இருக்கிறான் என்று ஊருக்குச் சொல்லும் சாட்சி அந்தப் பெட்டி. சாட்சி பொய்யாகவும் இருந்தது, கடன் வாங்கி நிரப்பிய பெட்டிகளும் உண்டு.

1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் தீப்பிடித்ததோடு அந்தச் சேவை முடிந்தது. ஏர் ஏசியாவை டோனி பெர்னாண்டஸ் குழுவினர் கடனோடு சேர்த்து 1 ரிங்கிட்டுக்கு வாங்கியது 2001இல். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு அது பறக்கத் தொடங்கியது 2008இல். இடையில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறதே, அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. 1991க்குப் பிறகு இந்தியச் சந்தை திறந்துகொண்டது; சோப்புக்கும் டார்ச் லைட்டுக்கும் மலேசிய உறவினரை எதிர்பார்க்க வேண்டிய நிலை திருச்சியில் தேய்ந்தது. இங்கே ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாகின, பிள்ளைகள் மலாக்கா நகருக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் நகர்ந்தார்கள். அங்கே காத்திருந்த அண்ணனும் அக்காளும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். முதுகுப் பை வருவதற்கு முன்பே டிரங்குப் பெட்டிக்கு வேலை குறைந்துவிட்டது.

திருச்சி விமானத்தில் இன்றும் கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகள் குவிகின்றனவே என்று கேட்கலாம். குவிகின்றன. சம்பளத்துக்காகச் சரக்கு சுமந்து போய்வரும் குருவிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். அவர்களுக்குப் பெட்டியின் ஒவ்வொரு கிலோவும் காசு. இரண்டும் என் வாதத்துக்குப் பலம்தான் சேர்க்கின்றன. காத்திருப்பவர் இருந்தால், அவர் அத்தையாக இருந்தாலும் பர்மா பஜார் வியாபாரியாக இருந்தாலும், கனத்துக்குக் காசு கட்டப்படுகிறது. காத்திருப்பவர் இல்லாதவருக்கு விமானத்துக்குள் கையோடு கொண்டுபோகும் 7 கிலோ போதுமானதாகிவிடுகிறது. நான்கு நாள் கோயில் பயணமாகப் பழநிக்கும் சமயபுரத்துக்கும் போய்வருகிறவர் இந்த இரண்டாவது வகை. இப்படியொரு பயணி கப்பல் காலத்தில் இருந்திருக்கவே முடியாது.

அந்த 7 கிலோவுக்குள் பை தேர்ந்தெடுப்பதிலும் பழைய புத்தி குறுக்கே வருகிறது. கைப்பைக்கு ஏர் ஏசியா அனுமதிக்கும் அளவு 56, 36, 23 சென்டிமீட்டர். பெருக்கினால் 46 லிட்டர். ஆகவே 46 லிட்டர் பைதான் லாபம் என்று தேடுகிறார்கள். ஆனால் 40 லிட்டர் பையைத் துணியால் அடைத்தாலே 7 கிலோவைத் தொட்டுவிடும், மடிக்கணினி கையில் இருந்தால் சொல்லவே வேண்டாம். இடம் தீர்வதற்கு முன் எடை தீர்ந்துவிடுகிறது. சக்கரம் வைத்த சிறு பெட்டி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ வந்துவிடும். முதுகுப் பை ஒரு கிலோவுக்குள் அடங்கும். மலாக்கா சென்ட்ரலில் பஸ் ஏறி விமான நிலையம் போகிறவர் கொள்ளளவைப் பார்ப்பதைவிடக் காலிப் பையின் எடையைப் பார்ப்பதே புத்திசாலித்தனம். 30 லிட்டர் தாராளம். துறையூரில் அத்தை உயிரோடு இருந்தால் மட்டும், டிக்கெட் எடுக்கும்போதே 20 கிலோவுக்குச் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். கவுன்டரில் போய்க் கட்டினால் விலை ஏறிவிடும்.