தூக்கணாங்குருவி: குலசேகரன்பட்டினத்துப் பனங்காட்டுப் பறவை

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம், உடன்குடி வட்டாரத்துத் தேரிக்காட்டுப் பனைகளில் கூட்டம் கூட்டமாகக் கூடு தொங்கவிடும் பறவை. நீளம் சுமார் 15 செ.மீ. இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு உச்சந்தலை மஞ்சளாகும், முகம் கருக்கும். மற்ற நாட்களில் ஆணும் பெண்ணும் சிட்டுக்குருவி போலவே இருக்கும்.

1760இல் பிரான்சின் விலங்கியலாளர் பிரிசோன் இதைப் 'பிலிப்பைன்ஸின் குரோ பெக்', அதாவது பருத்த அலகுக்காரன் என்று வருணித்தார். 1766இல் லின்னேயஸ் அதை நம்பி 'பிலிப்பினா' என்று பெயர் சூட்டினார். பிலிப்பைன்ஸ் இதன் சொந்த நாடே அல்ல. மூல இடம் இலங்கை என்று பிறகு திருத்தினார்கள், பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் குரோஸ்பீக் எனப்படும் மெய்யான பருத்த அலகுக்காரர்கள் இமயமலையில் பழக்கொட்டைகளையும் ஊசியிலை மர விதைகளையும் உடைத்துத் தின்பவை. தூக்கணாங்குருவி வேறு குடும்பம். தானியம் தின்று பிழைக்கும் பறவைகளுக்கு அலகு ஒன்றுபோல் தடிப்பது உறவினால் அல்ல, உணவினால்.

அந்த அலகின் வேலை உமி நீக்குவது. புல்விதை, நெல், கம்பு, சோளம் எல்லாம் தின்னும். பால் பிடித்த கதிர் என்றால் கூட்டமாக இறங்கும். கம்பங்கொல்லையில் பரண் கட்டிக் கவண் வீசியவர்களுக்கு இதன்மேல் அவ்வளவு பாசம் இருந்திருக்காது. ஆனால் குஞ்சுக்கு முதலில் ஊட்டுவது பெரும்பாலும் வெட்டுக்கிளி போன்ற பூச்சிகளை. வளரும் உடம்புக்குப் புரதம் வேண்டும்.

கூடு கட்டுவது ஆண். நெல், புல் தாள்களையும் பனையோலையையும் 20 முதல் 60 செ.மீ. நீள நாராகக் கிழித்து முடையும். பாதி முடிந்ததும் பெண் வந்து பார்க்கும். கூட்டின் வேலைப்பாட்டைவிட அது தொங்கும் இடமே பெண்ணுக்கு முக்கியம் என்கிறது ஓர் ஆய்வு. பிடித்தால் மட்டுமே நீண்ட நுழைகுழாய் தொங்கும். முட்டை 2 முதல் 4. அடைகாப்பது பெண் மட்டுமே. ஆண் அதற்குள் அடுத்த கூட்டையும் அடுத்த துணையையும் தேடும். இந்தப் பலதார வழக்கத்தைப் பறவையியலாளர் சலீம் அலி மும்பைக்கு அருகே கிகிமில் கவனித்து 1931இல் எழுதினார். கூட்டின் உட்புறக் களிமண்ணில் மின்மினியை ஒட்டி விளக்கேற்றும் என்பது கதை. களிமண் உண்மை, ஆடிக்காற்றில் கூடு அதிகம் அலையாமலிருக்க அது உதவலாம்.

சங்க நூலான குறுந்தொகையின் 374ஆம் பாடலிலும் இக்கூடு தொங்குவது பனையில்தான். செங்கல் சூளைக்கு வெட்டப்பட்டுவந்த அந்தப் பனையை ஆட்சியர் அனுமதியின்றி வெட்டத் தமிழக அரசு 2021இல் தடை அறிவித்தது. குருவி விட்டுப்போன கூட்டில் பிறகு வெண்தொண்டைச் சில்லை குடியேறுவதுண்டு. அதற்கும் அலகு பருத்ததே.