பத்தைப் பிரித்த இருவர்

சென்ற வாரம் பாக்தாத்தில் நிறுத்தியிருந்தோம். கலீபா அல்-மாமூனின் ஆட்சி, ஏறக்குறைய கி.பி. 820. அல்-குவாரிஸ்மி தன் அல்ஜீப்ரா நூலை எழுதிக்கொண்டிருக்கிறார். சொத்தைப் பாகம் பிரிப்பவர், நிலம் அளப்பவர், வாய்க்கால் வெட்டுபவர் எல்லோருக்கும் அது பயன்பட வேண்டும் என்பது அவர் எண்ணம். குறியீடு ஒன்றுகூடக் கிடையாது. கணக்கு முழுவதும் வார்த்தையிலேயே நடக்கிறது.

அதில் ஒரு கணக்கு: பத்தை இரண்டு பாகமாக்க வேண்டும், பாகங்களைப் பெருக்கினால் 21 வர வேண்டும். பத்தில் பாதி 5. அதன் வர்க்கம் 25. அதில் 21 போனால் 4. அதன் வர்க்கமூலம் 2. ஐந்தில் இரண்டைக் கழித்தால் 3, கூட்டினால் 7. முடிந்தது.

விடை கண்டதோடு அவர் நிற்கவில்லை. அதனால்தான் அவர்மேல் எனக்கு இத்தனை மதிப்பு. இந்த வகைக் கணக்கில் பாதியின் வர்க்கம் கொடுத்த எண்ணைவிடக் குறைந்தால் விடையே கிடையாது, சமமானால் அந்தப் பாதியே விடை என்று அங்கேயே எழுதி வைத்துவிடுகிறார்.

ஏன் அப்படி? 20 அடிக் கயிற்றின் இரு முனைகளையும் முடிந்து, நான்கு முளைக்குச்சிகளில் செவ்வகமாக மாட்டுங்கள். நீளமும் அகலமும் சேர்ந்து எப்போதும் 10. ஒன்றுக்கு ஒன்பது என்றால் பரப்பு 9 சதுர அடி. இரண்டுக்கு எட்டு 16. மூன்றுக்கு ஏழு 21. நான்குக்கு ஆறு 24. ஐந்துக்கு ஐந்து 25. சதுரமாகிவிட்டது. இனி முளையை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் பரப்பு குறையத்தான் செய்யும். அந்தக் கயிற்றுச் செவ்வகத்துக்குள் 26 சதுர அடி அடங்காது.

ஏழு நூற்றாண்டுகள் கழித்து, 1545-இல், மிலான் நகர மருத்துவர் ஜிரோலாமோ கார்டானோ தன் 'ஆர்ஸ் மாக்னா' நூலில் அதே பத்தைக் கையில் எடுத்தார். அவர் கேட்ட பெருக்கல்தொகை 40! இருபத்தைந்தில் நாற்பது போனால் மைனஸ் 15. நடக்காத கணக்கு என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் விடவில்லை. ஐந்தோடு மைனஸ் 15-இன் வர்க்கமூலத்தைக் கூட்டி ஒரு பாகம், கழித்து மறு பாகம் என்று எழுதிப் பெருக்கினார். 25-உம் 15-உம் சேர்ந்து 40 வந்துவிட்டது. நுட்பமானது, ஆனால் பயனற்றது என்று அவரே அதை ஒதுக்கியும் வைத்தார். பின்னாளில் கற்பனை எண்கள் என்று பெயர் பெற்றவை அந்தப் பக்கத்தில்தான் தலைகாட்டின.

விடை உண்டா இல்லையா என்று சொல்லும் இந்தச் சோதனைக்கு 'டிஸ்கிரிமினன்ட்' என்ற பெயரை 1851-இல் சூட்டியவர் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர். நம் பத்தாம் வகுப்பில் அது தன்மைக்காட்டி: இருபடிச் சமன்பாட்டின் நடுக் கெழுவின் வர்க்கத்திலிருந்து, முதல் கெழுவையும் மாறிலியையும் பெருக்கி வருவதன் நான்கு மடங்கைக் கழிக்க வேண்டும். மிகை எண் வந்தால் இரண்டு மெய் மூலங்கள். பூஜ்யம் என்றால் ஒரே மூலம். குறை எண் என்றால் மெய் மூலம் இல்லை.

அல்-குவாரிஸ்மியின் கணக்கைச் சமன்பாடாக எழுதினால் x² − 10x + 21 = 0. அதற்கு 100 − 84 = 16. நான்கால் வகுத்தால் அவருடைய அதே 4. கார்டானோவுக்கு 21-இன் இடத்தில் 40: 100 − 160 = −60. நான்கால் வகுத்தால் அந்த −15.

(தொடரும்)