குடிமராமத்து

இந்தச் சொல்லின் முன்பாதி தமிழ், பின்பாதி அரபு. பழுதுபார்த்தலைக் குறிக்கும் ‘மரம்மத்’ பாரசீகம் வழியாகத் தென்னாட்டு நிர்வாகத்துக்குள் வந்து, கும்பினியார் காலத்து வருவாய்க் கணக்குகளில் நிலைத்துவிட்டது. பொதுப்பணித் துறைக்கு ‘மராமத்து இலாகா’ என்ற பெயர் வந்ததும் இதனால்தான்.

பெயர்தான் பிந்தியது, ஊரார் கூடி ஏரியைப் பழுதுபார்க்கும் வேலை மிகப் பழையது. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைப் பேசுகின்றன. குடவோலையில் தேர்ந்தெடுத்த ஆறு பேர் அதன் உறுப்பினர்கள். ஏரியின் பராமரிப்புக்கென்றே விட்ட நிலம் ஏரிப்பட்டி.

இத்தனை ஏற்பாடும் வேண்டியிருந்தது. ஏரி மனிதன் கட்டியது, கைவிட்டால் மேடாகிவிடும். மழைநீர் மேட்டு நிலத்து மண்ணையும் அரித்துக்கொண்டு வந்து அடியில் தூராகச் சேர்க்கிறது. கோடையில் அதை வாரினால்தான் அடுத்த மழையைத் தேக்க இடம் இருக்கும். வாரிய வண்டல் வயலுக்கு எருவானது. நீர் வற்றும்போது மீன் கிடைத்தது, கரை மரங்கள் விறகு தந்தன. உழைத்த ஊரே பலனையும் எடுத்துக்கொண்டது. இந்த ஏற்பாட்டில் சாதிக் கொடுமையும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. மண் சுமந்தவர்களுக்கெல்லாம் நீரில் சமபங்கு கிடைக்கவில்லை.

வெள்ளையர் ஆட்சியில் ஏரி மானியங்கள் பல வரிக்குள் இழுக்கப்பட்டன. மீனும் மரமும் சர்க்கார் சொத்தாகி ஏலத்துக்குப் போயின. பலன் கைமாறிய பிறகும் வேலை மட்டும் ஊரார் தலையில் நின்றது. அவர்கள் ஒதுங்கியதும் 1858இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. வழக்கப்படி செய்யவேண்டிய மராமத்தை மறுப்பவருக்குத் தண்டனை. ஏரிக்கு உரியவனைக் குறித்த ‘குடி’, சட்டத்தில் கூலியில்லாத ஆளைக் குறித்தது.

சுதந்திரத்துக்குப் பிறகும் உரிமை ஊருக்குத் திரும்பவில்லை. 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள ஏரிகள் பொதுப்பணித் துறைக்கும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. தமிழ்நாட்டின் சுமார் 39,000 ஏரிகளில் பலவற்றில் தூர் மண்டி, சீமைக் கருவேலம் அடர்ந்தது. வரத்துக் கால்வாய்களில் வீடுகள் எழுந்தன.

2017இல் அரசு குடிமராமத்துத் திட்டத்தை அறிவித்து, பாசன விவசாயிகளிடமும் பங்குத்தொகை கேட்டது. பழைய பெயர் மீண்டது நல்லதே. ஆனால் பங்குத்தொகை மட்டும் குடியை ஏரிக்கு அழைத்துவராது. மீன் குத்தகையும் கரை மரமும் வண்டல் எடுக்கும் உரிமையும் முதலில் ஊருக்குத் திரும்பட்டும். இம்முறை ஊரில் எவரையும் விலக்காமல் திரும்பட்டும். உங்கள் ஊர் ஏரியின் மீன் குத்தகைப் பணம் எங்கே போகிறது என்று அடுத்த கிராமசபையில் கேளுங்கள்.