கிண்டி தூரமில்லை: மின் கட்டண ஆவணங்களும் ஒரகடத்துச் சிறு ஆலைகளும்

ஒழுங்குமுறை ஆணையங்களின் ஆவணங்களை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்போர் முதலில் சொல்லும் காரணம் தூரம். வெளியூர்க்காரர் தலைநகருக்கு வந்து கோப்பைப் புரட்ட முடியாது, திரையில் புரட்டலாம் என்பார்கள். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் இந்த வாதம் செல்லாது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இருக்கும் கிண்டிக்கு இங்கிருந்து பஸ் ஏறிப் போய்ப் பிற்பகலில் திரும்பிவிடலாம். தூரம் தடையாக இல்லாத இந்த இடத்தில்தான் மற்றத் தடைகள் தெளிவாகத் தெரிகின்றன. ஆவணம் எந்த வடிவில், வழக்கின் எந்தக் கட்டத்தில், எந்த மொழியில் வெளிவருகிறது என்பதே கேள்வி. இணையத்தில் இருக்கிறதா என்பது அதற்கு அடுத்ததுதான்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் டைம்லர், ராயல் என்ஃபீல்டு போன்ற பெரிய ஆலைகள் உயரழுத்த நுகர்வோர். மின்செலவைக் கணக்கிடத் தனி அதிகாரியும், தேவைப்பட்டால் வழக்கறிஞரும் வைத்துக்கொள்ள அவர்களால் முடியும். அவர்களுக்கு உதிரிபாகம் செய்துதரும் பிரஸ் ஷாப், லேத் பட்டறைகளில் பல தாழ்வழுத்த இணைப்பில் ஓடுகின்றன. 2022 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த கட்டண ஆணையை இத்தகைய பட்டறையின் பில்லில் வைத்துப் பார்ப்போம். தாழ்வழுத்தத் தொழிற்பிரிவில் அதுவரை நிலைக் கட்டணம் ஒரு கிலோவாட்டுக்கு மாதம் ரூ.35. புதிய ஆணையில் 50 கிலோவாட் வரை ரூ.75, அதற்கு மேற்பட்ட அடுத்த படிக்கு ரூ.150. ஒப்பந்த மின்பளு 80 கிலோவாட் என்றால் ரூ.2,800 ஆக இருந்த நிலைக் கட்டணம் ரூ.12,000 ஆகிறது. ஆர்டர் இல்லாமல் மெஷின் ஓடாத மாதத்திலும் இதைக் கட்டியாக வேண்டும். உயரழுத்தத்தில் டிமாண்ட் சார்ஜ் கே.வி.ஏ.வுக்கு ரூ.350-லிருந்து ரூ.550 ஆனது. அதுவும் பெரிய உயர்வுதான். ஆனால் விகிதத்தில் எங்கே அதிக அடி விழுந்தது என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

ஏன் இந்த அளவு என்று பட்டறைக்காரர் கேட்டால் விடை கட்டண அட்டவணையில் இல்லை. மின் கொள்முதல் செலவு, வட்டி, சம்பளம், மின்னிழப்பு, மானியம் எல்லாம் அடக்கி மின்பகிர்மானக் கழகம் ஆணையத்தில் தாக்கல் செய்யும் மனுவில் இருக்கிறது. அதிலும் மின்னிழப்பு ஒரு சிக்கலான கணக்கு. தமிழ்நாட்டில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வேளாண் இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. அவற்றின் நுகர்வை மாதிரி மீட்டர்களை வைத்து மதிப்பிடுகிறார்கள். மதிப்பீட்டைக் கூட்டினால் மின்னிழப்பு குறைவாகத் தெரியும். குறைத்தால் இழப்பு ஏறும். இழப்பில் எவ்வளவை நுகர்வோர் தலையில் ஏற்றலாம், தொழிற்சாலை மற்றவருக்காக எவ்வளவு குறுக்கு மானியம் சுமக்கிறது என்பதெல்லாம் இந்த மதிப்பீட்டைத் தொட்டே நிற்கின்றன. மாதிரி மீட்டர்களின் அளவீடுகள் எக்செல் கோப்பாக, சூத்திரங்களோடு கிடைத்தால் கணக்குத் தெரிந்த எவரும் சரிபார்க்கலாம். முடிவான தொகை மட்டும் பி.டி.எஃப்.-இல் கிடைத்தால் அதை நம்பலாம் அல்லது நம்பாமலிருக்கலாம், சரிபார்க்க முடியாது.

சட்டம் இதற்கு இடம் தராமல் இல்லை. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 86(3) பிரிவு, ஆணையம் வெளிப்படையாக இயங்குவதைக் கடமையாக்குகிறது. 64-ஆம் பிரிவு மனுவின் சுருக்கத்தை வெளியிடச் சொல்கிறது. பொதுமக்களின் ஆட்சேபங்களைப் பரிசீலித்து 120 நாட்களுக்குள் ஆணையிடச் சொல்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(2) பிரிவு, கேட்காமலே தகவல் தரும் வழிகளில் இணையத்தையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. 4(4) பிரிவு உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. ஆக, முழு மனுவும் ஆங்கிலத்தில், சுருக்கம் மட்டும் தமிழில் என்று முடித்துக்கொள்வது சட்டத்தின் நோக்கத்தை எட்டாது. கால அளவும் கவனிக்கத்தக்கது. 2022-இல் மனு வந்தது ஜூலை 18. கோவை, மதுரை, சென்னையில் ஆகஸ்டில் கருத்துக்கேட்பு. ஆணை செப்டம்பர் 9. எட்டு வாரம்கூட இல்லை. அந்த அவகாசத்துக்குள் வாசித்து, கணக்குப் போட்டு, ஆட்சேபம் எழுத யாரால் முடியும்?

இணையத்தால் தீராத குறை ஒன்றும் உண்டு. மனுவே தாக்கலாகாதபோது எதை ஏற்றுவது? தமிழ்நாட்டில் 2003-க்குப் பிறகு அடுத்த கட்டண ஆணை வந்தது 2010-இல். இப்படிப் பல மாநிலங்களில் தாக்கல் தள்ளிப்போனதைப் பார்த்துத்தான், உரிய காலத்தில் மனு வராவிட்டால் ஆணையங்கள் தாமாகவே நடவடிக்கை தொடங்க வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நவம்பர் 11 அன்று உத்தரவிட்டது. 2014 டிசம்பரில் தமிழ்நாட்டு ஆணையம் அப்படித் தாமாகவே கட்டணத்தை நிர்ணயித்தது. 2022 ஆணைக்குப் பிறகோ நிலைமை வேறுவிதமாக மாறியது. விலைக் குறியீட்டின் உயர்வு அல்லது 6 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது ஒவ்வொரு ஜூலையிலும் ஏறும் என்று சூத்திரம் வகுத்தாயிற்று. 2023-இல் 2.18, 2024-இல் 4.83, 2025-இல் 3.16 சதவீதம் என அதன்படியே ஏறியது. சூத்திரத்துக்குக் கருத்துக்கேட்பு தேவையில்லை. வலைத்தளம் நாளுக்கு நாள் மேம்படலாம். அதில் கேள்வி கேட்கும் தருணங்கள் குறைந்துகொண்டு போனால் மேம்பாட்டின் பயன் யாருக்கு?

அமெரிக்கக் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தில் ஒரு வழக்கு எண்ணைத் தட்டினால் மனு, ஆட்சேபம், பதில், ஆணை எல்லாம் தேதிவாரியாக வந்து நிற்கும். 2021 முதல் நிறுவனங்களின் நிதிப் படிவங்களைக் கணினி நேரடியாக வாசிக்கும் வடிவில் வாங்குகிறார்கள். இலங்கையில் 2025 ஜனவரியில் கட்டணத்தை மாற்றத் தேவையில்லை என்று மின்சார சபை சொன்னது. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்கள் கருத்தைக் கேட்டபின் சராசரி 20 சதவீதம் குறைத்தது. அதே ஆண்டு ஜூனில் 15 சதவீதம் கூட்டவும் செய்தது. குறைத்தது சரியா என்பது தனி விவாதம். மின்நிறுவனம் சொன்ன கணக்கே இறுதிக் கணக்காகிவிடவில்லை என்பதைத்தான் இங்கே கவனிக்கிறேன்.

தொழில் இரகசியம் என்ற மறுப்பு வரும். அதில் நியாயமும் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி, கூட்டாகச் சொந்த மின்நிலையம் வைத்திருப்போர் 26 சதவீதப் பங்குரிமையும் 51 சதவீத நுகர்வும் காட்ட வேண்டும். அந்தத் தாள்களை அப்படியே வெளியிட்டால் எந்த ஆலை எந்த மாதம் எத்தனை ஷிப்ட் ஓடியது என்பதைப் போட்டியாளர் ஊகித்துவிடுவார். இதற்கு வழி, இரகசியம் கோருபவர் காரணத்தை எழுதித் தந்து, மறைத்த பிரதி ஒன்றையும் மறைக்காத பிரதி ஒன்றையும் தாக்கல் செய்வது. அமெரிக்க ஆணையத்தில் நடைமுறை அதுதான். மின்பகிர்மானக் கழகத்துக்கோ இந்த மறுப்பு பொருந்தாது. அது பொதுத்துறை, பகிர்மானத்தில் அதற்குப் போட்டியாளரும் இல்லை.

2022 ஆணை வகுத்த பல்லாண்டுக் கட்டணக் காலம் 2026–27 நிதியாண்டோடு முடிகிறது. அடுத்த மனு வரும்போது ஆணையம் அதை ஏற்கும் முன்பே மூன்றைக் கேட்டு வாங்கலாம்: சூத்திரங்களோடு கூடிய கணக்குக் கோப்புகள், மாதிரி மீட்டர் அளவீடுகள், ஃபீடர் வாரியான மின்தடைப் பதிவு. மூன்றாவதை ஒரகடத்துப் பட்டறைக்காரர் யாருடைய உதவியும் இல்லாமல் வாசிப்பார். தன் ஃபீடரில் எந்தத் தேதியில் எத்தனை மணிக்குக் கரண்ட் போனது என்பது அவருடைய புரொடக்ஷன் ரிஜிஸ்டரிலும் எழுதியிருக்கிறது.